பார்ப்பதும் பார்த்துக்கொள்வதும்

காமர்ஸ் படித்தவர்களுக்கு முதல் வருஷத்திலேயே ஒரு விடுகதை சொல்லித் தருவார்கள். தண்ணீர் இல்லாமல் மூன்று நாள் தாங்குவது கஷ்டம். வைரம் இல்லாமல் மூன்று தலைமுறை சௌக்கியமாக வாழலாம். அப்படியிருக்க, தண்ணீர் ஏன் சல்லிசாகக் கிடைக்கிறது? வைரத்துக்கு ஏன் வீட்டை அடகு வைக்கிறார்கள்?

1776-ல் ஆடம் ஸ்மித் 'நாடுகளின் செல்வம்' புத்தகத்தில் இந்தக் கேள்வியைப் போட்டார். உருப்படியான விடை கிடைக்க கிட்டத்தட்ட நூறு வருஷம் ஆனது. 1870-களில் ஜெவன்ஸ், மெங்கர், வால்ராஸ் என்று மூன்று பேர், தனித்தனி ஊரில் தனித்தனியாக உட்கார்ந்து யோசித்து, ஒரே பதிலுக்கு வந்து சேர்ந்தார்கள். ஒரு பொருளின் விலையை அதன் மொத்தப் பயன் தீர்மானிப்பதில்லை. கடைசியாகக் கைக்கு வரும் ஒரு துளியின் பயன்தான் தீர்மானிக்கிறது. தண்ணீர் ஏராளம். கூடுதலாக ஒரு டம்ளர் கிடைத்தால் பெரிசாக ஒன்றும் ஆகிவிடாது. வைரம் கொஞ்சம். கூடுதலாக ஒரு கல் கிடைத்தால் தெருவே திரும்பிப் பார்க்கும்.

பத்து மார்க் கேள்விக்கு இது போதும். வாழ்க்கைக்குப் போதுமா என்பதுதான் என் சந்தேகம். ஏனென்றால், இந்த விதியை நாம் கடையோடு விட்டுவிட்டு வருவதில்லை. செருப்பைக்கூட வாசலில் கழற்றுகிறோம். இதை மட்டும் வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுகிறோம்.

அமெரிக்காவிலிருந்து மூத்த பிள்ளை மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வருவான். வஞ்சிரம் வறுவல் என்ன, பக்கத்து வீட்டிலிருந்து இரவல் வாங்கிய ஏ.சி. ரூம் என்ன... தடபுடல்தான். சின்னவன் இரண்டு தெரு தள்ளி இருக்கிறான். மாதம் தவறாமல் அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை வாங்கிப் போடுவது, கரன்ட் பில் கட்டுவது, ராத்திரி இரண்டு மணிக்கு மூச்சுத் திணறினால் ஆட்டோ பிடித்து வருவது எல்லாம் அவன். அண்ணன் வந்திருக்கும் பதினைந்து நாளும் அவனுக்குக் கிடைப்பது ஒரே ஒரு வாக்கியம்: "டேய், அண்ணனுக்கு ரெண்டு இளநி வாங்கிட்டு வா."

அம்மாவைக் குறை சொல்லவில்லை. வரத்து கம்மியான சரக்குக்கு மவுசு ஜாஸ்தி. அவ்வளவுதான். அம்மா பி.காம். படிக்காமலேயே மார்ஜினல் யுட்டிலிட்டி தெரிந்து வைத்திருக்கிறாள்!

ஆக, கேள்வி இதுதான்: ஒன்று அபூர்வமாக இருப்பதாலேயே அதற்கு மதிப்பு கூடிவிடுமா? விலை கூடும், சரி. மதிப்பு?

இந்தக் கேள்வியை என் முகத்துக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தியது ஒரு பறவை.

* * *

நான் குடியிருக்கும் புறநகரில் ஒரு ஏரி இருக்கிறது. பெயர் வேண்டாம். ஏன் வேண்டாம் என்பது படிக்கப் படிக்கப் புரியும். ஒரு பக்கம் கரை, மதகு, கலங்கல் எல்லாம் பழைய அழகோடு இருக்கும். மறுபக்கம் ஆகாயத்தாமரை, கட்டட இடிபாடு, குப்பை. சென்னையைச் சுற்றி இருக்கிற எந்த ஏரியையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பெரிய வித்தியாசம் இருக்காது.

எங்கள் தெருவில் வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு சார் இருக்கிறார். தினமும் காலை ஆறு மணிக்கு கழுத்தில் பைனாகுலரோடு ஏரிக்கரைக்குப் போவார். நாமக்கோழி எத்தனை, முக்குளிப்பான் எத்தனை, நீர்க்காகம் எத்தனை என்று எண்ணி ஒரு நீள நோட்டில் எழுதுவார். வங்கிக்காரர் அல்லவா... லெட்ஜர் மாதிரியே கோடு போட்டு, பக்கத்துக்குப் பக்கம் கூட்டல் எல்லாம் இருக்கும். பல வருஷமாக இதைச் செய்கிறார். தெருவில் யாரும் அதை ஒரு விஷயமாகப் பேசியதில்லை.

ஒரு ஜனவரி மாதம், செவ்வாய்க்கிழமை காலையில் கதவைத் தட்டினார். முகத்தில், லாட்டரி விழுந்து அதை யாரிடமும் சொல்ல முடியாதவரின் பரபரப்பு.

"கொஞ்சம் வர்றீங்களா? யார்கிட்டயும் சொல்லாதீங்க."

போனேன். கரையில் ஸ்டாண்டு போட்டு ஒரு டெலஸ்கோப் வைத்திருந்தார். எட்டிப் பார்த்தேன். நடு ஏரியில், பாதி மூழ்கிய ஒரு மண் திட்டின் மேல் ஒரு பெரிய வெள்ளைப் பறவை நின்றுகொண்டிருந்தது. முதுகில் மட்டும் வெளிர் சாம்பல். மஞ்சள் அலகு, அதன் நுனிக்குச் சற்று முன்னால் ஒரு கறுப்புப் பட்டை. தலையில் கறுப்பு முக்காடு பாதிதான் ஏறியிருந்தது. பக்கத்தில் நின்ற உண்ணிக்கொக்கு அதன் முன்னால் சோனியாகத் தெரிந்தது.

"பல்லாஸ் கல்" என்றார் ரகசியம் போல. ரஷ்யாவில் வேலை செய்த பல்லாஸ் என்ற ஜெர்மன் விஞ்ஞானி 1773-ல் இந்த இனத்தை விவரித்து எழுதினார். அவர் பெயரே ஒட்டிக்கொண்டது. கடற்காகங்களிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று. தென் ரஷ்யாவிலிருந்து மங்கோலியா வரைக்கும் உள்ள ஏரிகளிலும் சதுப்புகளிலும் கூட்டமாகக் கூடு கட்டும். குளிர்காலத்தில் தெற்கே இறங்கும். வட இந்தியாவின் பெரிய நதிகளிலும் நம் கடலோரங்களிலும் பார்க்கலாம். பழவேற்காடு பக்கம் வருவதுண்டு. ஆனால், கலங்கல் ஓரம் எருமை குளிக்கும் ஓர் ஊர் ஏரியில் வந்து உட்கார்ந்தது அவர் நோட்டில் அதுதான் முதல் தடவை.

இந்தப் பறவைக்குத் தமிழில் பெயர் வைப்பதிலேயே ஒரு வேடிக்கை இருக்கிறது. பறவைப் புத்தகங்கள் இந்தக் குடும்பத்தைக் கடற்காகம் என்கின்றன. கதை படிப்பவர்களுக்கு அது கடல் புறா. சாண்டில்யன் புண்ணியத்தில் அது ஒரு போர்க்கப்பலாகவும் ஆகிவிட்டது. விஞ்ஞானப் பெயரோ கிரேக்கத்தில் 'மீன் கழுகு' என்ற பொருள் தருவது. ஒரே பறவை... காக்கை, புறா, கழுகு! எந்தப் பெயரால் கூப்பிடுகிறோமோ அந்த மரியாதை. காக்கைக்கு சோறு, புறாவுக்குக் கவிதை, கழுகுக்கு பயம்.

சாருக்கு அன்று காலையில் பெயர் ஒரு பிரச்னையாக இல்லை. அவர் பிரச்னை வேறு.

"சொல்லலாமா, வேண்டாமா?"

பறவை பார்க்கிறவர்கள் உலகத்தில் இது சாதாரணக் கேள்வி இல்லையாம். சொன்னால் கூட்டம் வரும், பறவைக்குத் தொந்தரவு. சொல்லாவிட்டால், பார்க்க ஆசைப்படும் நூறு பேருக்கு அதை மறுத்த பாவம். "ஏரி என்ன எங்கப்பா வீட்டு சொத்தா, நான் மட்டும் பாத்து ரசிக்க?" என்று அவரே கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து அவரே இன்னொன்றும் சொன்னார். "இப்பேர்ப்பட்ட பறவை இங்க வந்துச்சுன்னு நாலு பேருக்குத் தெரிஞ்சா, குப்பை கொட்டுற லாரிக்காரன் கொஞ்சம் யோசிப்பான்ல?"

இரண்டு நாள் யோசித்தார். வியாழக்கிழமை, நம்பிக்கையான ஒரே ஒரு நண்பரிடம் சொன்னார். அந்த நண்பரும் நம்பிக்கையான ஒரே ஒருவரிடம்தான் சொல்லியிருப்பார். வாட்ஸ்அப் காலத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை நாற்பது பேர் கரையில் நின்றார்கள்.

* * *

வந்தவர்கள் பெரும்பாலும் தங்கமானவர்கள். மதுரையிலிருந்து ராத்திரி பஸ் பிடித்து வந்திருந்தார் ஒருவர். கல்லூரியில் படிக்கும் ஒரு பெண், இரவல் பைனாகுலரில் பறவையைப் பார்த்துவிட்டு ஐந்து நிமிஷம் யாரிடமும் பேசவில்லை. அந்த முகத்தைப் பார்த்தால், இதில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

சிலர் வேறு ரகம். என் முதல் ஸ்கூட்டரைவிட விலையான லென்ஸோடு வந்த ஓர் இளைஞருக்கு, பறவை நின்றுகொண்டே இருந்தது பிடிக்கவில்லை. பறக்கிற படம் வேண்டும். கையைப் பலமாகத் தட்டினார். பறவை எழுந்து ஒரு வட்டம் அடித்துவிட்டு மறுபடி திட்டில் உட்கார்ந்தது. வெளிச்சம் சரியில்லை போல. மறுபடி தட்டினார். மறுபடி எழுந்தது. மூன்றாவது முறை கையைத் தூக்கியபோது சார் பக்கத்தில் போய் நின்றார்.

"தம்பி, அது ரெஸ்ட் எடுக்குது."

"ஒரே ஒரு ஃப்ளைட் ஷாட் சார்."

"நீங்க கார்ல வந்திருக்கீங்க. அது றெக்கையடிச்சு வந்திருக்கு."

வங்கிக்காரர் பாஷையில் சொன்னால், வலசை வரும் பறவையின் உடம்பில் இருக்கும் கொழுப்புதான் அதன் சேமிப்புக் கணக்கு. தேவையில்லாமல் எழுந்து பறக்கும் ஒவ்வொரு தடவையும் அதிலிருந்து ஒரு வித்ட்ராயல். வசந்தத்தில் வடக்கே திரும்பிப் போக அந்த இருப்பு வேண்டும். நாம் அதன் கையெழுத்து இல்லாமல் செக் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

பின்னால் இன்னொரு கச்சேரி நடந்துகொண்டிருந்தது. ஏரியில் மீன் குத்தகை எடுத்தவர் வழக்கம்போல நீர்க்காகங்களை விரட்ட வெடி போட வந்திருந்தார். நாற்பது பேரும் சேர்ந்து தடுத்தார்கள். "அபூர்வமான பறவைங்க, இன்னைக்கு மட்டும் வேணாம்."

அவர் கோபப்படவில்லை. நிதானமாகவே கேட்டார்: "மீன் திங்கிற பறவை எனக்கு எல்லாம் ஒண்ணுதான் சார். தினம் நீர்க்காக்காவுக்கு வெடி போடறேன். அப்ப எல்லாம் ஒருத்தரும் வந்து கேக்கல. இது ஒண்ணுக்காக மட்டும் போடாதேங்கிறீங்க. அது என்ன நியாயம்?"

யாரும் பதில் சொல்லவில்லை.

கரையோரம் எருமையை ஓட்டி வந்த ஓர் அம்மா, அவர் விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார். "ஏரில சாக்கடை கலக்குதுன்னு நாலு வருஷமா மனு குடுக்கறோம். எட்டிப் பாக்க ஒரு ஆள் வரல. ஒத்தப் பறவைக்கு இத்தனை பேரா? நாங்களும் இங்கதானே கண்ணு கெடக்கறோம்..."

கேலியாகச் சொல்லவில்லை. நிஜமாகவே ஆச்சரியப்பட்டார்.

* * *

அந்தக் காலை நேரத்தில் ஒரே பறவை மூன்று பேர் கணக்கில் மூன்று விதமாகப் பதிவானது. கேமராக்காரருக்கு வரவு. குத்தகைக்காரருக்குச் செலவு. எருமைக்கார அம்மாவின் கணக்கில் அது வரவும் இல்லை, செலவும் இல்லை. தன்னை எந்தக் கணக்கிலும் சேர்க்கவில்லை என்பதை ஞாபகப்படுத்த வந்த ஒரு வெள்ளை அடையாளம்.

பறவையின் கணக்கில் என்ன? அதற்குத் தான் அபூர்வம் என்பதே தெரியாது. சொந்த ஊரில் அது ஆயிரத்தில் ஒன்று. உலக அளவில் உயிரினங்களின் நிலையைக் கணக்கெடுக்கும் ஐ.யு.சி.என். பட்டியலில், கவலைப்படத் தேவையில்லாத இனங்களின் வரிசையில்தான் இது இருக்கிறது. நம் ஏரியில் மட்டும்தான் அது அதிசயம். அதாவது, அபூர்வம் என்பது அந்தப் பறவையின் உடம்பில் எங்கேயும் இல்லை. நம் நோட்டில் இருக்கிறது.

இன்னும் ஒன்று. வழக்கமில்லாத இடத்தில் ஒரு பறவை தென்படுகிறது என்றால், பல சமயம் அதற்கு ஏதோ சரியில்லை என்று அர்த்தம். புயல் தள்ளியிருக்கலாம், நோய் இருக்கலாம், திசை தப்பியிருக்கலாம். 2017 மார்ச் மாதம் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஃப்ளிண்ட் நகரத்துக்கு ஒரு தந்தநிறக் கடற்காகம் வந்தது. ஆர்க்டிக் பனிக்கட்டிகளின் நடுவே, பனிக்கரடி தின்று மிச்சம் வைத்த மாமிசத்தைக் கொத்தி வாழும் தூய வெள்ளைப் பறவை அது. ஊர் நடுவே ஓடும் நதியில் அதைப் பார்த்ததும் தூர தூரத்திலிருந்து ஆட்கள் திரண்டு வந்தார்கள். படம் எடுத்தார்கள், பட்டியலில் டிக் போட்டுக்கொண்டார்கள். சில நாளிலேயே அந்தப் பறவை நதியில் செத்து மிதந்தது. வந்தவர்கள் வாழ்நாள் பாக்கியமாகக் கருதிய அந்த நாட்கள், அதற்குக் கடைசி நாட்கள்.

ஃப்ளிண்ட் என்ற பெயர் வேறெங்கோ கேட்ட மாதிரி இருக்கிறதா? அதே ஊர்தான். 2014 ஏப்ரலில், செலவை மிச்சம் பிடிக்க அதே நதியின் தண்ணீரைக் குழாயில் விட்டார்கள். சரியாகச் சுத்திகரிக்காத அந்தத் தண்ணீர் பழைய குழாய்களை அரித்து, ஈயத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தது. கலங்கலான தண்ணீரை பாட்டிலில் பிடித்துக் காட்டி ஜனங்கள் ஒரு வருஷத்துக்கு மேல் கத்தினார்கள். 2015 அக்டோபரில்தான் பழைய தண்ணீருக்குத் திரும்பினார்கள். ஆடம் ஸ்மித்தின் விடுகதையில் தண்ணீரின் கதி எப்போதும் இதுதான். சுத்தமாக இருக்கும்வரை யாரும் அதைப் பார்ப்பதில்லை.

நம் கதைக்கு வருவோம். திருக்கழுக்குன்றம் போனவர்களுக்குத் தெரியும். மலை மேல் உச்சிவேளையில் இரண்டு கழுகுகள் வரும், குருக்கள் பொங்கல் வைப்பார், சாப்பிட்டுவிட்டுப் பறந்துவிடும். அதைப் பார்க்க வெயிலில் படியேறிப் போன லட்சக்கணக்கானவர்களில் நம் தாத்தா பாட்டிகளும் இருப்பார்கள். அந்தப் பறவைக்குப் பெயர் மஞ்சள்முகப் பாறு. மலை மேல் வந்த இரண்டும் தெய்வாம்சம். அதே இனம் கீழே ஊர் எல்லையில் குப்பையில் மேய்ந்தால்? வெறும் பிணந்தின்னி. 1990-களின் கடைசியோடு மலைக்குக் கழுகு வருவது நின்றுபோனது.

அதன் சொந்தக்காரர்களான பெரிய பாறுகளுக்கு நேர்ந்தது இன்னும் பயங்கரம். வெண்முதுகுப் பாறு 1980-களில், உலகத்திலேயே அதிக எண்ணிக்கையில் இருந்த பெரிய இரைகொல்லிப் பறவையாக இருக்கலாம் என்று நினைத்தார்கள். செத்த மாடு கிடந்தால் நூறு வந்து இறங்கும். அவ்வளவு சாதாரணம் என்பதால் யாரும் எண்ணவில்லை. 1992-க்கும் 2007-க்கும் இடையில் இந்தியாவில் அந்த இனத்தில் ஆயிரத்துக்கு ஒன்றுதான் மிஞ்சியது. மாட்டுக்கு வலி நிவாரணியாகப் போட்ட டைக்ளோஃபெனாக், செத்த மாட்டின் மாமிசம் வழியாகப் பாறுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்தது என்று 2004-ல் கண்டுபிடித்தார்கள். 2006-ல் கால்நடைகளுக்கான அந்த மருந்துக்கு இந்தியா தடை போட்டது. இப்போது தமிழ்நாட்டில் முதுமலை, மோயாறு பக்கம் போனால் பார்க்கலாம். அதிர்ஷ்டம் இருந்தால்.

இப்போது அது அபூர்வப் பறவை. இப்போது அதற்கும் கேமராவோடு ஆள் போகிறது!

அழுகும் மாமிசத்தை இலவசமாகச் சுத்தம் செய்த அந்தத் துப்புரவுப் படை போனதால் தெருநாய்கள் பெருகின, தண்ணீர் கெட்டது. 2000 முதல் 2005 வரை அதனால் இந்தியாவில் கூடுதலாக ஏறத்தாழ 5 லட்சம் பேர் இறந்திருப்பார்கள் என்று இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 2024-ல் வெளியான கட்டுரையில் மதிப்பிட்டிருக்கிறார்கள். சம்பளம் கேட்காததால் யாரும் பாறுகளின் வேலைக்கு வவுச்சர் போட்டதில்லை. வவுச்சர் இல்லாததால் கணக்கில் வரவில்லை. கணக்கில் வராததால் காணாமல் போனதும் தெரியவில்லை.

ஏரிக்கும் இதே கதைதான். 'புறம்போக்கு' என்று இன்றைக்கு ஒருவரைத் திட்டுகிறோம். ஆதியில் அது திட்டு இல்லை. ஏரி, குளம், மேய்ச்சல் வெளி, சுடுகாடு என்று ஊருக்கே பொதுவாக, வரிக்கணக்குக்கு வெளியே நிறுத்தி வைத்த நிலத்துக்குப் பெயர் அது. வரி வராத நிலம் மெள்ள மெள்ள மதிப்பில்லாத நிலம் ஆனது. பிறகு மதிப்பில்லாத மனுஷனுக்கும் அதே பெயர். ஒரு வார்த்தைக்குள் இவ்வளவு பெரிய அநியாயம் ஒளிந்திருக்கிறது.

* * *

இதையெல்லாம் சாரிடம் சொன்னேன். அபூர்வத்தைக் கொண்டாடுவதே ஒரு கோளாறு என்று கொஞ்சம் ஆவேசமாகவே பேசினேன் என்று நினைக்கிறேன். அவர் அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்ளவில்லை.

"நான் இத்தனை வருஷமா நாமக்கோழி எண்றேன். ஒரு நாள் வந்து என்ன சார் எண்றீங்கன்னு நீங்க கேட்டிருக்கீங்களா? இந்தப் பறவை வந்ததாலதானே வந்தீங்க?"

நியாயம்தான். சாதாரணத்துக்கு ஒரு குறை உண்டு. அது கூப்பிடாது. தினமும் அங்கேயே இருப்பதால், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றும். அபூர்வம் கையைப் பிடித்து இழுத்து வந்து கரையில் நிறுத்துகிறது. நிறுத்தியபிறகு நாம் எந்தப் பக்கம் பார்க்கிறோம் என்பது அதன் பொறுப்பு இல்லை. கல்யாணப் பத்திரிகை மாதிரி வைத்துக்கொள்ளலாம். அழைப்பதற்குத்தான் பத்திரிகை. பத்திரிகையையே கல்யாணம் என்று நினைத்து ஃப்ரேம் போட்டு மாட்டிக்கொண்டால் என்ன செய்வது?

பறவை ஏறக்குறைய இரண்டு வாரம் இருந்தது. ஒரு நாள் காலை திட்டு காலியாக இருந்தது. அடுத்த ஞாயிறு கரையில் நாற்பது பேர் இல்லை. மூன்று பேர் இருந்தார்கள். சார், அந்தக் கல்லூரிப் பெண், மூன்றாவதாக... கை தட்டிய அதே லென்ஸ் இளைஞர்! சாக்கடை கலக்கும் இடத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். எருமைக்கார அம்மாவின் ஐந்தாவது வருஷத்து மனுவில் அந்தப் படமும், பக்கத்திலேயே அந்த வெள்ளைப் பறவையின் படமும் இணைக்கப்பட்டன. ஓர் அதிகாரி வந்து பார்த்துவிட்டுப் போனார். சாக்கடை இன்னும் நிற்கவில்லை. ஆனால், 'எட்டிப் பாக்க ஒரு ஆள் வரல' என்று இனிமேல் சொல்ல முடியாது.

தமிழில் ஓர் அற்புதமான வசதி இருக்கிறது. 'பார்க்கிறேன்' என்றால் ஒன்று. 'பார்த்துக்கொள்கிறேன்' என்றால் முற்றிலும் வேறு. நடுவில் ஒரு 'கொள்'தான் கூடுதல். "அம்மாவைப் பாக்க வந்திருக்கேன்" என்கிறான் பெரியவன். "அம்மாவை நான் பாத்துக்கறேன்" என்கிறான் சின்னவன். முதலாவதற்கு ஒரு விமான டிக்கெட் போதும். இரண்டாவதற்கு வருஷக்கணக்கில் செலவு இருக்கிறது.

அந்தச் செலவு யாருடையது என்பதுதான் குத்தகைக்காரர் கேட்ட கேள்வியின் சாரம். நாங்கள் பறவையைப் பார்த்தோம். மீன் அவருடையது. வரவு ஒருவர் பக்கம், செலவு இன்னொருவர் பக்கம் என்றால் அது தர்மம் இல்லை, தள்ளுபடி. அவரை வில்லனாக்குவது சுலபம். அன்றைக்கு ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டு அவருடைய நஷ்டத்தில் பங்கெடுக்கலாமா என்று நாற்பது பேரில் ஒருவர்கூட யோசிக்கவில்லை. ஒன்றுக்கு மட்டும் வெடி போடாதே என்பது சலுகை. எதற்குமே வெடி வேண்டாம், அதனால் ஆகும் நஷ்டத்துக்கு இதோ நாங்கள் என்றால், அதற்குப் பெயர் நியாயம்.

முடியுமா என்று கேட்கலாம். நம் ஊரிலேயே நடந்திருக்கிறது. வேடந்தாங்கல் ஏரிப் பறவைகளை வெள்ளைக்கார சிப்பாய்கள் சுட்டபோது ஊர்க்காரர்கள் கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸ் 1798-ல் அவர்களுடைய உரிமையை ஏற்று எழுதிக் கொடுத்தார். சரணாலயம் என்று அரசாங்கம் அறிவித்தது 1936-ல். ராம்சார் பட்டியலில் இடம் பிடித்தது 2022-ல். இந்த மரியாதை எல்லாம் வருவதற்கு முன்பே ஊர் அந்தப் பறவைகளைப் பார்த்துக்கொண்டிருந்தது. காரணம், பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம். வரவும் செலவும் ஒரே ஊரின் கணக்கில் இருந்தன. கவனியுங்கள், அங்கே வருவது நத்தைகுத்தி நாரை, கொக்கு, நீர்க்காகம், அரிவாள் மூக்கன். ஒன்றுகூட அப்போது அபூர்வம் இல்லை.

அதற்காக, லாபம் இருந்தால்தான் மனுஷன் பார்த்துக்கொள்வான் என்று முடிவு கட்டவும் வேண்டாம். சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டி கொள்ளுக்குடிப்பட்டி என்று ஒரு கிராமம் இருக்கிறது. பல பத்தாண்டுகளாக அங்கே தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. கல்யாணம், கோயில் திருவிழாவுக்கும் வேட்டு கிடையாது. மழைக்காலத்தில் வந்து கூடு கட்டும் பறவைகள் பயந்துவிடும் என்பதுதான் ஒரே காரணம். வனத்துறைக்காரர்கள் வந்து இனிப்பு கொடுத்துவிட்டுப் போவார்கள்.

அந்தப் பறவைகளும் நாரை, கொக்கு வகையறாதான். ராத்திரி பஸ் பிடித்து வந்து பார்க்கும் அளவுக்கு அதிசயம் எதுவும் இல்லை. சுற்றுவட்டாரம் முழுக்க வெடித்துக்கொண்டிருக்கும் ராத்திரியில், அந்த ஊர்ப் பிள்ளைகள் கையில் ஒரு கம்பி மத்தாப்பைப் பிடித்துக்கொண்டு சத்தம் போடாமல் நிற்கிறார்கள். கண்மாய்க் கருவேல மரங்களில் குஞ்சுகள் தூங்குகின்றன.